இடது கிளை

பிரமிளாவை முதன்முதலில் அழவைத்த இங்கிலீஷ் வார்த்தை 'பிராஞ்ச்'.

போளூர்ப் பக்கம், சமணக் கோயில் இருக்கிற திருமலைக்கு அருகில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அப்பா குந்துநாதன் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். சட்டையை மாற்றிக்கொண்டு பேங்குக்குக் கிளம்பினால், எங்கே என்று கேட்பவர்களிடம் "போளூர் பிராஞ்சு வரைக்கும்" என்பார். ஊர்த் தபாலாபீஸ் பலகையிலும் அதே வார்த்தை இருந்தது. ஆகவே, கம்பி போட்ட ஜன்னலும் அதன் பின்னால் சிடுசிடுத்த ஓர் ஆளும் இருக்கிற கட்டடத்துக்குத்தான் பிராஞ்ச் என்று பெயர் என அவள் முடிவு கட்டியிருந்தாள். ஆறாம் வகுப்பில், பறவை ஒன்று பிராஞ்சின் மேல் உட்கார்ந்ததாக டீச்சர் வாசித்துவிட்டு அர்த்தம் கேட்டார். பிரமிளா எழுந்து, பறவை பேங்க் மேலே உட்கார்ந்தது என்றாள். வகுப்பு சிரித்து அடங்குவதற்குள் அவள் அழுதுவிட்டாள்.

டீச்சர் அடிக்கவில்லை. கரும்பலகையில் ஒரு மரம் வரைந்து, கிளையைத் தொட்டுக் காட்டி, இதுதான் பிராஞ்ச் என்றார். பிரமிளாவுக்குச் சிரிப்பைவிட அந்த மரம்தான் பயமாக இருந்தது. தினமும் காதில் விழுகிற, தெரியும் என்று நம்பியிருந்த ஒரு வார்த்தை, அவளுக்குத் தெரியாமல் வேறொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்த ஒன்று இப்படியென்றால் மற்றவை எப்படியோ. ஏற்கெனவே கிணறு, தெருநாய், இடி என்று அவளுடைய பயங்கள் நிறைய. அதில் இங்கிலீஷும் வந்து சேர்ந்தது.

பயந்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. வைக்கோலில் கைவிடும் முன் கோலால் கிளறிப் பார்ப்பார்கள். பிரமிளா அகராதியை அப்படித்தான் பார்த்தாள். ஒரு வார்த்தையைப் படித்தால் அதற்கு இன்னும் எத்தனை அர்த்தம், எங்கிருந்து வந்தது, யாருக்குச் சொந்தம் என்று கிளறுவாள். ஆரணியில் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்த பிறகு அது பழக்கமாகவே ஆகிவிட்டது. நரம்பணுவின் முனையில் பிரியும் இழைகளுக்கு 'டெண்ட்ரைட்' என்று பெயர். கிரேக்க மொழியில் மரத்தைச் சொல்லும் வார்த்தையிலிருந்து வந்தது. தாடை எலும்பு மேலே திரும்பும் பகுதிக்கு 'ரேமஸ்'. அது லத்தீனில் கிளை. 'ட்விக்' என்ற சின்னஞ்சிறு குச்சிக்குள் இரண்டு என்ற எண் இருக்கிறது. ரத்தக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைச் சொல்லும் 'பைஃபர்கேஷ'னுக்குள் வைக்கோல் அள்ளும் கவைக்கோல் இருக்கிறது. 'பிராஞ்ச்'சின் பூர்வீகம் தேடிப்போனால் அங்கே மரமே இல்லை, ஒரு மிருகத்தின் பாதம் இருந்தது. விரல் விரலாகப் பிரிவதால் பாதம் கிளையாகியிருக்கிறது. வம்சாவளியைச் சொல்லும் 'பெடிகிரி'யோ கொக்கின் கால்.

தமிழில் மட்டும் என்ன. மாட்டுக்கும் கொம்பு, மரத்துக்கும் கொம்பு. பேங்குக்கும் கிளை, ஆற்றுக்கும் கிளை. பழைய தமிழில் சொந்தக்காரர்களும் கிளைதான். இது புரிந்த நாளில் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பயமுறுத்திக்கொண்டு தனித்தனியாக நின்ற வார்த்தைகள், ஒரே குடும்பத்து ஆட்கள்போல் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்தன.

அந்தத் தைரியம்தான் அவளுக்கு வேலையும் வாங்கிக்கொடுத்தது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எண்ணைப் போட்டு அனுப்பும் வேலை. மெடிக்கல் கோடிங் என்பார்கள். வேலூரில் பயிற்சி, பிறகு சென்னைக் கம்பெனி ஒன்று. கல்யாணமாகி ஆரணிக்கு வந்து, மகள் தாரணி பிறந்து, கொரோனா வந்தபோது கம்பெனியே எல்லாரையும் வீட்டிலிருந்து பார்க்கச் சொல்லிவிட்டது. மாடி அறையில் கம்ப்யூட்டர். பின்தெருவில் விசைத்தறிகள். அந்தச் சத்தம் நின்றால்தான் அவளுக்குக் கவனம் கலையும்.

கணவன் மகாவீர் ஜரிகைக் கடை வைத்திருந்தான். சொந்தத்தில் பார்த்த மாப்பிள்ளை. பி.காம் படித்து, சென்னையில் ஒரு கம்பெனி வேலைக்குப் போவதாக இருந்து, அந்த ஊர் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்து கடை திறந்தவன் என்று பெண் பார்க்க வந்தபோதே சொன்னார்கள். அதிகம் பேசமாட்டான். கூடம் பெருக்குவான், துணி காயப்போடுவான். அவளுடைய பயங்களைக் கேலி செய்யமாட்டான். இடி இடித்தால் ஒன்றும் சொல்லாமல் வந்து பக்கத்தில் உட்காருவான். இதைவிட ஒரு மனுஷனிடம் வேறு என்ன வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள்.

வேலையில் அவளுடைய பழைய வார்த்தைக் குடும்பம் முழுவதும் திரையில் வந்து போனது. சிறுநீரகத்தில் கிளை விட்டு வளரும் கல்லுக்கு மான்கொம்பின் பெயர். நுரையீரல் படத்தில் மொட்டு விட்ட மரம். கண்ணின் மேற்பரப்பில் மரம்போல் படரும் புண். இதயத்துக் குழாய் பிரியும் இடத்தில் அடைப்பு. எல்லாம் யாரோ ஒருவருக்கு, கடலுக்கு அந்தப் பக்கம். அவள் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்ததைத் திறப்பாள். இரக்கம் இல்லாதவள் இல்லை. ஆனால் முகமே தெரியாத ஒருவருக்காக எவ்வளவு நேரம்தான் வருத்தப்பட முடியும்.

கொரோனா ஓய்ந்த பிறகு ஒரு வருஷம் திருமலைக் கோயிலில் அபிஷேகத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தார்கள். பாதிப் படியில் மகாவீர் உட்கார்ந்துவிட்டான். முகம் சாம்பல் பூத்திருந்தது. நெஞ்சின் மேல் கை வைக்கவில்லை, வலி என்று சொல்லவும் இல்லை. வாயைத் திறந்து மூச்சு இழுத்தான், அவ்வளவுதான்.

"வெயிலு," என்றான். "நீங்க போங்க. நான் வந்துகினே இருக்கேன்."

தாரணி ஏற்கெனவே மேலே ஓடியிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் நானூறு மீட்டர் ஓடுகிறவள். பிரமிளா மேலே மகளையும் கீழே கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் விசிறினாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு நிறம் திரும்பியது. எழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஆரணியிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே வேலை செய்யும் கமலம் என்ற அம்மா அவனுடைய மார்பிலும் கை கால்களிலும் ஒயரைப் பொருத்தி ஈசிஜி எடுத்தாள். மெஷின் ரோஜா நிறக் காகிதத்தைத் தள்ளியது. தலைப்பில் மெஷின் தானாகவே அச்சடித்திருந்த வரியைப் பிரமிளா தலைகீழாகவே படித்துவிட்டாள்.

லெஃப்ட் பண்டில் பிராஞ்ச் பிளாக்.

இதயம் துடிக்க வேண்டும் என்கிற உத்தரவு ஒரு கம்பி வழியாக இறங்கி, வலமும் இடமுமாக இரண்டு கிளையாகப் பிரிகிறது. இடது கிளையில் உத்தரவு போகவில்லை. வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு தாமதமாக வந்து சேர்கிறது. அவளுக்கு இது தெரியும். இதற்குரிய எண் தெரியும். அதை எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாள். அந்த எண்ணுக்கு மேலேயும் கீழேயும் வழக்கமாக என்னென்ன வரும் என்பதும் தெரியும். மாரடைப்பு. இதயம் வீங்கிப் பலவீனமாவது. கடைசி வரியில் சில சமயம் இறந்த நேரம்.

"ஏம்மா, ஒக்காருங்க. மூஞ்சி ஒரு மாதிரி இருக்குதே," என்றாள் கமலம்.

டாக்டர் அருணாச்சலம் காகிதத்தை ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது ஈசிஜி எடுத்திருக்கீங்களா?"

"இல்ல சார்," என்றான் மகாவீர்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"இல்ல சார். எடுத்தது இல்ல."

"அப்ப இத புதுசா வந்ததாத்தான் நான் வெச்சுக்கணும்." ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அது சுத்தமாக வந்தது. இப்போதைக்கு மாரடைப்பு இல்லை என்றார். ஆனாலும் வேலூருக்குப் போய் எக்கோ எடுத்து, இதய டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, மூச்சு வாங்கினால் அந்த நிமிஷமே கிளம்பிவிட வேண்டும் என்றார். வேலூரில் அடுத்த வாரம்தான் நாள் கிடைத்தது.

வீட்டுக்கு வரும் வழியில் மகாவீர் கேட்டான். "பிராஞ்ச்னா இன்னா? பேங்க் பிராஞ்ச் மாதிரியா?"

அவன் வேடிக்கையாகத்தான் கேட்டான்.

"மெஷின் அது பாட்டுக்கு ஏதாவது அடிக்கும்," என்றாள். "வேலூர்ல பாத்தா தெரிஞ்சிடும்."

"உனக்குத் தெரியாததா."

"எனக்கு நம்பர் போடத்தான் தெரியும்."

அது பொய் இல்லை. அவள் அறிவு அரைக் கிணறு தாண்டிய அறிவு. தாண்டாமலே இருந்திருந்தால் நிம்மதி. முழுசாகத் தாண்டியிருந்தாலும் நிம்மதி. நடுவில் அந்தரத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கோளாறை வைத்துக்கொண்டு சாதாரணமாகக் கடைக்குப் போய், சாப்பிட்டு, எழுபது வயதைத் தாண்டியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் அப்படிப்பட்டவர்கள் அவள் திரைக்கு வருவதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள்தானே வருவார்கள். இந்தக் கணக்கு அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அவள் பார்த்தவர்கள் எல்லாரும் படுத்தவர்கள். ஆகவே எல்லாரும் படுப்பார்கள்.

அந்த வாரத்தில் அவள் பார்த்ததெல்லாம் பிரிந்து பிரிந்து தெரிந்தது. வாசலில் வேப்பமரம். குளியலறைச் சுவரில் விரிசல். தெருமுனை மின்கம்பத்திலிருந்து வீடு வீடாக இறங்கும் ஒயர்கள். அதில் ஒன்று மட்டும் அறுந்தால் அந்த வீடு மட்டும் இருண்டுபோகும் என்று தோன்றும். சாப்பாடு இறங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது சமணர்களான அவர்கள் வீட்டு வழக்கம். தட்டைப் போட்டு எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, தனக்குப் பசியில்லை என்று எழுந்துவிடுவாள்.

மத்தியானத்தில் மகாவீர் கடையில் பாய் விரித்துக் கொஞ்சம் கண்ணயர்வான். கல்யாணமான நாளிலிருந்து ஒருநாளும் அந்த நேரத்தில் கடைக்குப் போகாதவள், இப்போது மோர் கொண்டுபோகிற சாக்கில் போனாள். எதிர்க்கடை எல்லப்பன், "இன்னாம்மா, புதுசா கவனிப்பெல்லாம் பலமா கீது," என்று கிண்டல் செய்தார். அவள் சிரித்துவைத்தாள். உள்ளே போய், ஜரிகைக் கட்டுகளுக்கு நடுவே படுத்திருக்கிறவனின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே கொஞ்சம் நீண்டுவிட்டால் அவள் மூச்சும் நின்றுவிடும். ஒருமுறை நிஜமாகவே நீண்டது. அவள் தூக்குவாளியை நழுவவிட்டாள். மகாவீர் எழுந்து உட்கார்ந்தான். மோர் ஜரிகைக் கட்டு வரைக்கும் ஓடியது. அவன் திட்டவில்லை. துணி எடுத்துத் துடைத்துக்கொண்டே, "ரொம்ப பயந்துகினு இருக்கிறியா?" என்று கேட்டான்.

"இல்லியே."

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தரையைத் துடைத்தான். அந்தத் தயக்கத்தை அவள் பார்த்தாள். அவனுக்கும் பயம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

வேலையில் தப்பு விழுந்தது. இடது என்று இருந்ததற்கு வலது எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டாள். சென்னையிலிருந்து டீம் லீடர் லாவண்யா கூப்பிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு இப்படி வரவே வராதே. மெயில் பாத்தீங்களா?"

மெயிலில், இத்தகைய பிழைகளுக்குக் கடுமையான 'ரேமிஃபிகேஷன்ஸ்' உண்டு என்று எழுதியிருந்தது. விளைவுகள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த வார்த்தையைப் பார்த்து, மரத்தைப் பற்றி ஏன் எழுதுகிறார்கள் என்று திகைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. லத்தீன் கிளைதான் அதுவும். ஒன்று நடந்தால் அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இரண்டு. இவன் போய்விட்டால் கடை. கடை போனால் தாரணியின் படிப்பு. அப்பாவுக்கு யார் சொல்வது. வீட்டில் எந்த அறையில் படுக்க வைப்பார்கள். அவள் மனம் நிற்காமல் பிரிந்துகொண்டே போனது. ஒரு கிளையிலும் பச்சை இல்லை.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"ஒடம்பு சரியில்லம்மா. ரெண்டு நாள் லீவு குடு."

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. கூட்டத்தில் உட்கார இடம் இல்லை. சுவர் ஓரமாக நின்றுகொண்டே காத்திருந்தார்கள். மகாவீரை எக்கோ எடுக்க உள்ளே கூப்பிட்டபோது அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். கதவின் சதுரக் கண்ணாடியில் அவன் காலின் நுனி மட்டும் தெரிந்தது. வெள்ளை வேட்டி, விரிந்த பாதம். அவள் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் நவகார மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனையாவது முறை என்று தெரியாது.

இதய டாக்டர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். எக்கோ படத்தையும் பழைய ரோஜா நிறக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதயம் அடிக்கிற பலம் கொஞ்சம் குறைச்சலா இருக்கு. ரொம்ப இல்ல. ஆனா இந்த பிளாக் எப்ப வந்ததுன்னு தெரியணும். புதுசுனா இன்னைக்கே அட்மிட் பண்ணி, ஆஞ்சியோ பாக்கணும். ரத்தக் குழாய்ல எங்கேயோ அடைப்பு இருக்கலாம். பழசுனா நான் வேற மாதிரி யோசிப்பேன். எப்பவுமே ஈசிஜி எடுத்தது இல்லையா?"

பிரமிளா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லப்போனாள்.

"எடுத்திருக்கேன் மேடம்," என்றான் மகாவீர்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. டாக்டரின் மேஜை விளிம்பைப் பார்த்துப் பேசினான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி. மெட்ராஸ்ல ஒரு கம்பெனி வேலைக்கு மெடிக்கல் டெஸ்ட். அதுல இதேதான் வந்துச்சு. இதே நாலு வார்த்த. லெஃப்ட் பண்டில் பிராஞ்ச் பிளாக். அதனால என்னை எடுத்துக்கல. அங்கியே ஒரு டாக்டர் எக்கோவும் பாத்தாரு. இதயம் நல்லாத்தான் இருக்குது, இத வெச்சுகினு நல்லா வாழலாம், வருஷா வருஷம் பாத்துக்கோன்னாரு. நான் பாக்கல."

டாக்டரின் முகம் தெளிந்ததைப் பிரமிளா கண்ணால் பார்த்தாள். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. இது நல்ல செய்தி. ரொம்ப நல்ல செய்தி. இத்தன வருஷமா இருக்குதுன்னா இப்ப வந்த அடைப்பால வந்தது இல்ல." ஆஞ்சியோவை நிதானமாக ஒருநாள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், மாத்திரை தருகிறேன், இதயத்தின் பலம் மறுபடி ஏற வாய்ப்பிருக்கிறது, ஏறாவிட்டால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் துடிக்க வைக்கிற ஒரு கருவி இருக்கிறது, அதை அப்போது பேசுவோம் என்றார். கிளம்பும்போது, "பிள்ளைங்க இருக்காங்களா? பயமுறுத்துறதுக்காக இல்ல, ஒரு தடவ அவங்களுக்கும் ஈசிஜி எடுத்துப் பாத்துடுங்க," என்றார்.

பிரமிளாவுக்கு அழுகையும் வந்தது, அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் இரண்டையும் செய்யாமல் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

ஆரணி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள், பக்கத்தில் அவன். கண்ணமங்கலத்தில் பஸ் நின்று கிளம்பியபோது அவள்தான் ஆரம்பித்தாள்.

"மெட்ராஸ் புடிக்கலன்னு சொன்னீங்க."

"ஆமா."

"டாக்டரு கேட்டப்பவும் இல்லன்னீங்க. ஒரு வாரம். நான் ஒரு வாரமா செத்து செத்துப் பொழச்சுகினு இருந்தேன்."

"தெரியும். மோர் கொட்டுன அன்னைக்கே சொல்லிடலாம்னு நெனச்சேன்."

"சொன்னா இன்னா ஆயிருக்கும்?"

அவன் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு சொல்லியிருந்தா நீ கட்டியிருப்பியா? உங்கப்பா குடுத்திருப்பாரா? மாப்பிள்ளைக்கு இதயத்துல கோளாறுன்னா ஒருத்தரும் பொண்ணு தரமாட்டாங்க. எங்கம்மாவுக்குக் கூடத் தெரியாது. அப்பறம் சொல்லலாம்னா, நீ இடிக்கே பயப்படுறவ. தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டத எப்படி சொல்றதுன்னு அதுக்கு ஒரு பயம் வந்துடுச்சு."

"இவ்ளோ நாளா நீங்களும் பயந்துகினுதான் இருந்தீங்களா?"

"தெனமும்."

முன்பே தெரிந்திருந்தால் அவள் கட்டியிருக்கமாட்டாள். அது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது. தாரணி இல்லாமல் போயிருப்பாள். இந்த மனுஷன் யாரோ ஒருவனாக எங்கேயோ இருந்திருப்பான். ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதன் மேல் கட்டிய வீட்டில் இத்தனை வருஷம் குடியிருந்திருக்கிறாள். வேறு எதையெல்லாம் இவன் சொல்லாமல் வைத்திருக்கிறானோ என்ற பயம், பழைய பயம் இறங்கிய இடத்தில் ஏறி உட்கார்ந்தது.

பல நாள் அவள் அவனோடு தேவைக்குமேல் பேசவில்லை. மாத்திரையை எடுத்துக் கையில் வைப்பாள், அவ்வளவுதான். ஆஞ்சியோ பார்த்தார்கள். அடைப்பு இல்லை. அப்போதும் அவள் சிரித்துவிடவில்லை.

இதற்கிடையில் தாரணிக்கு மாவட்டப் போட்டி வந்தது. தினமும் பள்ளி மைதானத்தில் ஓடிவிட்டு வியர்வையோடு வருவாள். ஒருமுறை ஈசிஜி எடுங்கள் என்று டாக்டர் சொன்னது பிரமிளாவின் தலைக்குள் கிடந்தது. எடுத்தால் அந்த நான்கு வார்த்தை வந்துவிட்டால் என்ன செய்வது. எடுக்காத வரைக்கும் அது இல்லை. நாளைக்கு, பரீட்சை முடியட்டும், போட்டி முடியட்டும் என்று நகர்த்தினாள். பிள்ளை ஓடும்போது மட்டும் "மெதுவா, மெதுவா" என்று தொண்டை வறண்டு போகக் கத்துவாள். தாரணிக்கு எரிச்சல். "மெதுவா ஓடுறதுக்கு எதுக்கும்மா போட்டி?" என்றாள்.

அன்று சாயங்காலம் சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது பிரமிளாவுக்குக் கை நின்றது. தான் செய்துகொண்டிருப்பது எது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இதைத்தானே அவனும் செய்தான். பயந்தான், தள்ளிப்போட்டான், பிறகு தள்ளிப்போட்டதற்கே பயந்தான்.

கரண்டியை வைத்துவிட்டுக் கணவனிடம் சொன்னாள். "இவகிட்ட சொல்லுங்க. என்னாண்ட மறைச்சது போதும். நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா பயமுறுத்திடுவேன்."

மகாவீர் தட்டைப் பார்த்தான். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னான். சென்னை, மெடிக்கல் டெஸ்ட், கிடைக்காமல் போன வேலை, அவள் அம்மாவிடம் சொல்லாமல் விட்டது, எதையும் மிச்சம் வைக்கவில்லை. இங்கிலீஷ் வார்த்தையையும் சொன்னான். அது என்னவென்று தாரணி கேட்டபோது அவனுக்கு விளக்க வரவில்லை. பிரமிளாதான் விளக்கினாள். உத்தரவு ஒரு கம்பியில் வருகிறது, இரண்டாகப் பிரிகிறது, ஒன்றில் நின்றுவிடுகிறது, மற்றதன் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. தன் வாயால் சொல்லிக் கேட்டபோது அது முன்பைவிடச் சின்னதாக இருந்தது.

"அப்போ எனக்கும் இருக்குதா?" என்று தாரணி கேட்டாள்.

"தெரியாது," என்றாள் பிரமிளா. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு உடம்பில் இருந்த பலமெல்லாம் தேவைப்பட்டது. "நாளைக்குப் பாத்துடலாம்."

மூவரும் அதே சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கமலம் திரையை இழுத்துவிட்டு தாரணிக்கு ஒயர் பொருத்தினாள். மெஷின் காகிதத்தைத் தள்ளியபோது பிரமிளா கண்ணை மூடிக்கொண்டாள். படிக்கத் தெரிந்தவள் படிக்காமல் நின்றாள். கமலம்தான் கிழித்து, "நார்மல்னு போட்டிருக்குதும்மா, கண்ணத் தொறந்து பாருங்க," என்றாள். டாக்டர் அருணாச்சலமும் பார்த்து, ஒன்றும் இல்லை, ஓடட்டும், சில வருஷம் கழித்து இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது மகாவீர் நின்றான்.

"காலையில எழுந்தப்போ லேசா தல சுத்துச்சு," என்றான். "நேத்தும் சுத்துச்சு. சொல்லிடணும்னு தோணுச்சு."

பிரமிளா வண்டிச் சாவியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தாரணியைத் தின்பண்டக் கடைப் பக்கம் நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு, கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க," என்றாள். "டாக்டரு இன்னும் உள்ளதான் இருக்காரு. மாத்திர ஜாஸ்தியா இருக்குதோ இன்னாவோ, கேட்டுடலாம்."

இருவரும் திரும்பி உள்ளே போனார்கள்.